கணினி வந்தும் வரிசை குறையவில்லையே, ஏன்?

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம். பேராதனையில் ஒரு பெற்றோல் செட்டுக்கு முன்னால் எனது சிறிய லொறிக்குள் இரண்டு இரவுகளைக் கழித்தேன். எனக்கு முன்னால் கம்பளையிலிருந்து வந்த முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர். பின்னால் ஓர் ஆசிரியர். வரிசை கெட்டம்பே பக்கமாக நீண்டு கிடந்தது. சீமெந்துக்கும் குழாய்க்கும் ஓடர் கொடுத்தவர்கள் கடைக்குப் போன் மேல் போன் எடுத்துக் கொண்டிருந்தார்கள். பொருள் கடையில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்க டீசல் இல்லை. மூன்றாம் நாள் காலையில் 'டீசல் இல்லை' என்று எழுதிய மட்டையைத் தொங்கவிட்டார்கள். வாப்பாவின் கையிலிருந்து கடையைப் பொறுப்பெடுத்த நாளிலிருந்து அன்றுபோல் நான் மனமுடைந்து போனதில்லை.

ஆகஸ்ட் மாதம் அதே இடத்துக்கு மீண்டும் போனேன். அட்டையில் அச்சடித்து லெமினேட் செய்த கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒன்று என் கையில் இருந்தது. பெற்றோல் செட் பையன் தனது போனை அதன் மேல் பிடித்தான். எனக்கு உரிய அளவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது அவனுக்குத் தெரிந்தது. அடித்தான், காசை வாங்கினான், அடுத்த வாகனத்தைக் கூப்பிட்டான். சில நிமிடங்களில் நான் வீதிக்கு வந்துவிட்டேன்.

அன்று வீடு திரும்பும் வழியில் எனக்குள் எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. சில கிழமைகளுக்குள் நாடு முழுவதும் ஓடக்கூடிய ஒரு கணினித் திட்டத்தை நமது அரசாங்கத்தால் செய்ய முடியுமென்றால், ஏனைய காரியாலயங்களில் கணினி வந்து இருபது வருடங்களாகியும் நாம் ஏன் இன்னும் போட்டோகொப்பிக் கட்டுடன் வரிசையில் நிற்கிறோம்?

பெரும்பாலானவை தோற்கத்தான் செய்கின்றன

இது இலங்கையருக்கு மட்டுமுள்ள தலைவிதி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரிச்சர்ட் ஹீக்ஸ், வளர்ந்துவரும் நாடுகளின் மின் அரசாங்கத் திட்டங்களைப் பற்றி 2003ஆம் ஆண்டு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். அதன்படி நூற்றுக்கு 35 திட்டங்கள் முற்றாகத் தோல்வி. 50 திட்டங்கள் பாதித் தோல்வி. 15 மட்டுமே வெற்றி. திட்டத்தை வரைந்தவர் மனதில் நினைத்த காரியாலயத்துக்கும் உண்மையில் இருக்கின்ற காரியாலயத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் இதற்குக் காரணம் என்பது அவருடைய கருத்து. அந்தத் தூரம் கூடக்கூடத் தோல்வியும் உறுதியாகிறது.

பணக்கார நாடுகளும் இதற்கு விதிவிலக்கல்ல. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையைக் கணினிமயப்படுத்த 2002இல் தொடங்கிய மாபெரும் திட்டம், பல பில்லியன் பவுண் செலவான பின்னர் 2011இல் கலைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, பணம் இல்லாததால் தோற்றோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

பேராசிரியர் சொன்ன அந்தத் தூரம் எப்படிப்பட்டது என்பதை நான் எனது கடையிலேயே கண்டிருக்கிறேன்.

என் கடையில் நடந்தது

2008ஆம் ஆண்டளவில் பெரும் ஆசையோடு கடைக்கு ஒரு கணினி வாங்கினேன். பில் போடுவதற்கும் ஸ்டொக் பார்ப்பதற்கும் ஒரு மென்பொருளும் வாங்கினேன். செலவழித்த காசு அன்றைய நிலையில் எனக்குப் பெரியது. கடையில் வாப்பா காலத்திலிருந்தே கணக்குப் பார்த்த நானா ஒருவர் இருந்தார். "முதலாளி, கணினியிலும் போடுகிறேன், எதற்கும் கொப்பியிலும் எழுதி வைக்கிறேன்" என்றார். எனக்கும் அது பாதுகாப்பாகத்தான் பட்டது. சரி என்றேன்.

நான் விட்ட பிழை அந்த ஒரு 'சரி'தான். கடையில் சனம் கூடும் நேரத்தில் இரண்டிலும் பதிய யாருக்கு முடியும்? கொப்பியில் எழுதினார், கணினியில் பிறகு போடலாம் என்று விட்டார். மாத முடிவில் கணினி ஒரு கணக்குச் சொன்னது, கொப்பி இன்னொரு கணக்குச் சொன்னது, இறாக்கையில் இருந்த பொருள் மூன்றாவது கணக்கைச் சொன்னது. போதாததற்கு, ஒரே அரை அங்குலக் குழாயைப் பையன்கள் மூன்று பெயர்களில் பதிந்திருந்தார்கள். ஒரு வருடம் போவதற்குள் கணினியைத் துணியால் மூடிவிட்டோம்.

2019இல் இரண்டாம் முறை தொடங்கினேன். இம்முறை எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யப் போகவில்லை. கடன் கொப்பியை மட்டும் எடுத்தேன். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை இரண்டு கிழமை உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றினோம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லோர் முன்னிலையிலும் கடன் கொப்பியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம். முதல் பத்து நாட்கள் கஷ்டம்தான். அதன்பின் அது ஓடியது. அது ஓடிய பிறகுதான் ஸ்டொக்கில் கை வைத்தேன்.

முதல் தடவையும் கணினி நல்ல கணினிதான், மென்பொருளும் குறையில்லாததுதான். இரண்டாம் தடவை மாறியது ஒன்றே ஒன்று. பழைய கொப்பி மூடப்பட்டது.

மூட முடியாத கொப்பி

அரச காரியாலயங்களில் நாம் படும் சிரமத்தை இந்தக் கண்ணாடியால் பாருங்கள். அண்மையில் ஓர் அனுமதிக்காக ஒரு காரியாலயத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பம் போட்டேன். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், படம் எல்லாம் ஏற்றி அனுப்பி, இலக்கமும் கிடைத்தது. நேரில் போனபோது கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஒன்லைனில் போட்டீர்களா? மிக நல்லது. அதைப் பிரிண்ட் எடுத்து மூன்று கொப்பி கொண்டு வாருங்கள். சமாதான நீதவானிடம் ஒப்பமும் வேண்டும்" என்றார்.

அந்த உத்தியோகத்தரில் நான் குறை காணமாட்டேன். அவருக்கு மேலே இருப்பவர் கேட்பது கோப்பை. கணக்காய்வுக்கு வருபவர் கேட்பதும் கோப்பை. கணினியில் இருப்பதை ஆதாரமாக ஏற்கலாம் என்று எமது சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதற்காகவே வந்தது. ஆனால் சட்டம் வந்தாலும் கொப்பி மூடப்படவில்லை. என் கடைக் கணக்கு நானாவைப் போல அவரும் இரண்டு வேலை பார்க்கிறார். முன்பு ஒரு வரிசையில் நின்ற நாம், இப்போது தொடர்பாடல் நிலையத்தில் ஒரு வரிசை, காரியாலயத்தில் ஒரு வரிசை என்று இரண்டில் நிற்கிறோம்.

முயற்சிகள் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 'ஈ ஸ்ரீலங்கா' என்ற பெயரில் 2002இல் அறிவிக்கப்பட்ட திட்டத்துக்காக 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் உருவானது. 2004இல் உலக வங்கி 53 மில்லியன் டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. கிராமங்களில் 'நெனசல' எனப்படும் அறிவகங்கள் திறக்கப்பட்டன. நூலகங்கள், பன்சாலைகள், பள்ளிவாசல்கள் என்று பல இடங்களில் அவை இயங்கின. 2014இல் அந்தத் திட்டத்துக்கு பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் 10 இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் பலர் முதன்முதலில் மௌஸைத் தொட்டது அங்கேதான். ஆனால் அறிவகத்தில் உட்கார்ந்து என்ன அரச வேலையை முடிக்கலாம் என்று கேட்டால், அந்நாளில் பதில் மிகக் குறைவாகவே இருந்தது. படிவத்தைத் தரவிறக்கலாம். அதை நிரப்பிக் கொண்டு மீண்டும் கச்சேரிக்குத்தான் போக வேண்டும்.

இதற்கு மாறான ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேராதனையில் தலைமையகத்தைக் கொண்டுள்ள விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவையைத்தான் சொல்கிறேன். என் கடைக்கு மருந்து தெளிக்கும் இயந்திரத்துக்குப் பாகம் வாங்க வருகிற விவசாயிகள் அந்த இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை, சாதாரணப் போன் போதும். மறுமுனையில் பயிரைப் பற்றித் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். கேட்டவர் அந்த அழைப்பிலேயே பதிலோடு போகிறார். 'மேலதிக விபரங்களுக்கு நேரில் வரவும்' என்று சொல்லியனுப்பினால் யார் இரண்டாம் முறை அழைப்பார்கள்?

கியூ.ஆர். ஏன் ஓடியது?

மீண்டும் பெற்றோல் செட்டுக்கு வருவோம். தேசிய எரிபொருள் அனுமதி முறை 2022 ஜூலை 16ஆம் திகதி அறிமுகமானது. ஆகஸ்ட் 1 முதல் கியூ.ஆர். இருந்தால் மட்டுமே எரிபொருள் என்றானது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கும் வேனுக்கும் 20, லொறிக்கு 50 என்று தொடக்கத்தில் அளவு வைத்தார்கள். 2023 செப்டம்பர் 1ஆம் திகதி அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

நியாயமாகப் பேசினால், வரிசை மறைந்ததற்கு கியூ.ஆர். மட்டும் காரணமில்லை. எரிபொருள் கப்பல்கள் வந்தன. விலையும் பன்மடங்கு ஏறியிருந்ததால் பாவனை குறைந்தது. ஆனால் இருந்த கொஞ்சத்தை எல்லோருக்கும் பங்கிட்டது அந்தச் சதுரம்தான். அது ஓடியதற்கு நான்கு காரணங்களை ஒரு வியாபாரியாக நான் காண்கிறேன்.

ஒன்று, அது ஒரு வேலையை மட்டும் செய்தது. 'இந்த வாகனத்துக்கு இந்தக் கிழமை மிச்சம் எவ்வளவு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது தவிர அதற்கு வேறு வேலை இல்லை. வாகன வரி, காப்புறுதி, தண்டப்பணம் என்று எதையும் அதில் தொங்கவிடவில்லை.

இரண்டு, நம் கையில் ஏற்கனவே இருந்ததை மட்டுமே கேட்டது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம், ஒரு கைத்தொலைபேசி. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் கேட்கவில்லை. போட்டோகொப்பி கேட்கவில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் வாகன விபரம் ஏற்கனவே இருந்தது. அரசாங்கத்திடம் இருக்கும் தகவலை அரசாங்கமே பார்த்துக் கொண்டது.

மூன்று, ஏழைக்கும் கதவு திறந்திருந்தது. ஸ்மார்ட் போன் வேண்டியது பெற்றோல் அடிப்பவருக்குத்தான். வாகனக்காரருக்குக் கடதாசியில் அச்சடித்த சதுரம் போதும். மகளோ பக்கத்து வீட்டுத் தம்பியோ ஒரு தடவை பதிந்து கொடுத்தால் வேலை முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத முச்சக்கர வண்டிச் சாரதிகூட அதைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு திரிந்தார்.

நான்கு, பழைய கொப்பி பூட்டப்பட்டது. ஆகஸ்ட் 1க்குப் பிறகு 'எனக்குத் தெரிந்தவர், கொஞ்சம் அடித்துவிடுங்கள்' என்பதற்குச் சட்டப்படி இடமில்லை. மீறி அடித்ததாகக் கண்டுபிடிக்கப்பட்ட சில நிரப்பு நிலையங்களுக்கு விநியோகம் நிறுத்தப்பட்டது.

குறைகளும் இருந்தன. முதலில் ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம்தான் என்றார்கள். மோட்டார் சைக்கிளும் லொறியும் வைத்திருக்கும் எம்போன்றவர்கள் திண்டாடினோம். பின்னர் வியாபாரப் பதிவிலக்கத்தின் கீழ் பல வாகனங்களைப் பதிய வசதி செய்தார்கள். எல்லாக் குறையையும் தீர்த்துவிட்டுத்தான் தொடங்குவோம் என்று காத்திருக்கவில்லை. தொடங்கினார்கள், குறை வரவரத் திருத்தினார்கள். அதுவும் ஒரு வியாபாரப் புத்திதான்.

கர்நாடகாவும் சிங்கப்பூரும்

பழைய கொப்பியைப் பூட்டியதால் வென்ற கதைகள் அயலிலும் உண்டு. இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில் காணிப் பதிவேடு முன்பு கிராமக் கணக்காளரின் கையில் இருந்தது. ஒரு பிரதி எடுக்க விவசாயி அவரைத் தேடி அலைய வேண்டும், கையில் எதையாவது வைக்கவும் வேண்டும். 'பூமி' என்ற திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2 கோடிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றினார்கள். தாலுகா அலுவலகத்தில் 15 ரூபா கட்டினால் பிரதி கிடைத்தது. கணினியின் இரண்டாவது திரையொன்றை விவசாயியின் பக்கம் திருப்பி வைத்தார்கள், என்ன பதிகிறார்கள் என்பதை அவரே பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு இடத்திலும் கணினி முறை தயாரானதும் கையெழுத்துப் பிரதி செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு வந்திராவிட்டால் கணினி ஒரு மூலையிலும் கணக்காளர் இன்னொரு மூலையிலும் இருந்திருப்பார்கள்.

இறக்குமதி செய்பவர்களுக்குச் சிங்கப்பூர்க் கதை தெரிந்திருக்கும். 1989 ஜனவரியில் அங்கே 'டிரேட்நெட்' தொடங்கியது. அதற்கு முன்பு ஒரு சரக்குக்குப் பல காரியாலயங்களுக்குப் பல படிவங்கள் போக வேண்டும், அனுமதிக்கு நாட்கணக்காகும். டிரேட்நெட் வந்த பின்னர் ஒரே விண்ணப்பம், நிமிடக் கணக்கில் பதில். அவர்கள் முதலில் செய்தது கணினி வாங்கியதல்ல. யார் யாருக்கு என்னென்ன படிவம் உண்மையில் தேவை என்று உட்கார்ந்து குறைத்தார்கள். பல படிவங்கள் ஒன்றான பின்தான் அதைக் கணினியில் போட்டார்கள். எமது சுங்கமும் ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மாநாடு உருவாக்கிய 'அசிகுடா' முறையைப் பல காலமாகப் பாவிக்கிறது.

நம்மைத் தடுக்கப்போவது நம் பெயர்

இதுவரை பழைய வழியை மூட வேண்டும் என்றே சொல்லி வந்தேன். இனி மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது அநியாயமாகிவிடும். புதிய வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் பழைய வழியை மூடினால், வெளியே நிற்கப் போவது நம்மைப் போன்றவர்கள்.

உங்கள் கடை அலுமாரியைத் திறந்து பாருங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர். அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்தில். முஹம்மத் என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள்! வாப்பாவின் பெயர் ஒன்றில் முழுதாக, ஒன்றில் முதலெழுத்தாக. காணி உறுதியில் 'லெப்பை' என்று ஒட்டியிருக்கும், வங்கிக் கணக்கில் இருக்காது. எழுதியவர் சிங்கள எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்கும் அதிலிருந்து தமிழுக்கும் மாற்றும்போது பெயர் மூன்று ஊர் சுற்றி வந்துவிடுகிறது.

இதுவரை இது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. கவுண்டரில் இருப்பவர் நம் முகத்தைப் பார்ப்பார், "இருவரும் ஒருவர்தான்" என்று ஒரு சத்தியக் கடதாசி கேட்பார், காரியம் நடக்கும். கணினிக்கு முகம் தெரியாது. ஓர் எழுத்து மாறினால் அதற்கு அவர் வேறு ஆள்.

அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக் கொள்வோம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கம். பழைய அட்டை தொலைந்து புதிது எடுத்தவருக்கு, வியாபாரப் பதிவில் ஒன்றும் கையில் உள்ள அட்டையில் இன்னொன்றும் இருக்கும். இரண்டும் ஒருவரே என்பதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால் அது அவரை இரண்டு பேராக எண்ணும், அல்லது யாருமில்லை என்று தள்ளிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர், பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தார். வருமான வரி இலக்கத்தில் உள்ள பெயரும் வியாபாரப் பதிவில் உள்ள பெயரும் ஓர் எழுத்தால் வேறுபட்டிருந்தன. திருத்தி வருவதற்குள் மூன்று மாதம் கடந்தது. நோன்பு காலத்துக்குச் சரக்கு எடுக்கக் கேட்ட கடன், பெருநாள் முடிந்த பின்னர் கிடைத்தது. அந்த வருடம் அவருக்கு ஏற்பட்ட நட்டத்தை எந்தப் புள்ளிவிபரத்திலும் நீங்கள் காணமாட்டீர்கள்.

இந்திய உதவியுடன் தனித்துவமான டிஜிட்டல் அடையாள முறையொன்றை அமைக்க 2022இல் உடன்படிக்கை செய்யப்பட்டது. 2023இல் இந்தியா 45 கோடி இந்திய ரூபாவை முற்பணமாக வழங்கியது. அது முழுமையாக நடைமுறைக்கு வருவது எந்த நாளானாலும், வங்கி, வரி, காணி, வாகனம் எல்லாம் அந்த ஓர் இலக்கத்தில் வந்து சேரும். அன்று பெயர் பொருந்தாதவர் ஒரு கவுண்டரில் மட்டும் தடைப்பட மாட்டார், எல்லாக் கவுண்டரிலும் தடைப்படுவார். ஆகவே பெயர் திருத்தத்துக்கு இலகுவான ஒரு வழியை மூன்று மொழியிலும் பிரதேச செயலக மட்டத்தில் முதலில் திறக்க வேண்டும். பழைய கதவை மூடுவது அதற்குப் பிறகு.

கட்டிய வீட்டைப் பராமரிப்பது யார்?

திறப்பு விழாவுக்கு ஆட்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள். கூரை ஒழுகும்போது யாரும் வரமாட்டார்கள். 2023இல் அரச மின்னஞ்சல் முறை கணினித் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தகவல்கள் அழிந்தன. அமைச்சரவைக் காரியாலயம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பாவனையில் இருந்தது 2013ஆம் ஆண்டு வெளியான பழைய மென்பொருள். அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் பணமில்லாமல் தள்ளிப் போட்டிருந்தார்கள். தாக்குதலில் பிரதியும் சேர்ந்து போனது.

கடைக்குப் பூட்டு வாங்குகிறோம், வருடா வருடம் எண்ணெய் விடுகிறோம். கணினித் திட்டத்துக்கு வாங்கும் காசை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பராமரிப்புக்கு ஒதுக்காவிட்டால், மூடிய பழைய கொப்பியை மீண்டும் தூசி தட்ட வேண்டிய நாள் வரும். அப்போது அது அலுமாரியில் இருக்குமா என்பதும் தெரியாது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு

2025 பெப்ரவரி 7ஆம் திகதி 'கவ்பே' முறை தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் 16 அரச நிறுவனங்களுக்கான கொடுப்பனவுகளை வங்கி வழியாக, வீட்டிலிருந்தே செலுத்தலாம் என்றார்கள். பின்னர் நிறுவனங்களின் தொகை படிப்படியாகக் கூடியது. அதே வருடம் வீதிப் போக்குவரத்துத் தண்டப்பணத்தையும் அதில் கட்டும் முறை பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டது. ஒரு சிறு தண்டப்பணத்துக்காகத் தபாற்கந்தோருக்கும் பொலிஸுக்குமாக ஒரு நாள் லொறியை நிறுத்தியவர்களுக்குத்தான் இதன் பெறுமதி புரியும்.

இதிலும் என் உரைகல் ஒன்றுதான். ஒன்லைனில் கட்டியதற்கு வந்த குறுஞ்செய்தியைக் கவுண்டரில் அப்படியே ஏற்கிறார்களா? அல்லது பிரிண்ட் எடுத்து வா என்கிறார்களா? முதலாவது நடக்கும் இடத்தில் திட்டம் வென்றுவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை

அரசாங்கத்தைக் குறை சொல்லி முடிப்பது இலகு. வியாபாரிகளாகிய நமக்கும் வீட்டுப்பாடம் உண்டு.

முதலாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாள அட்டை, பிறப்பத்தாட்சி, வியாபாரப் பதிவு, வரி இலக்கம், வங்கிப் புத்தகம், காணி உறுதி, வாகனப் புத்தகம் அனைத்தையும் ஒரே மேசையில் பரப்புங்கள். பெயர், முகவரி, இலக்கம் ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அவசரம் வருவதற்கு முன்பே திருத்த விண்ணப்பியுங்கள். வங்கி மெனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது திருத்த முடியாது.

இரண்டாவது, எந்த அரச இணையக் கணக்கைத் திறந்தாலும் உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். கணக்காளருடையதையோ தரகருடையதையோ கொடுக்காதீர்கள். அவரோடு பேச்சு முறிந்தால் உங்கள் வரிக் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாமல் போகும். கடவுச்சொல் கடைச் சாவியைப் போன்றது. அடுத்தவரிடம் எவ்வளவு நாள் கொடுத்து வைப்பீர்கள்?

மூன்றாவது, கட்டிய பணத்துக்கு வரும் இலக்கத்தையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். அரசாங்கத்தின் மின்னஞ்சலே காணாமல் போன நாட்டில் நாம் கொஞ்சம் முன்யோசனையாக இருப்பதில் தவறில்லை.

நான்காவது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு என்பதைத் தெரிந்து கொள்ளுங்கள். நம் விபரத்தைக் கேட்பவரிடம் எதற்காக என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. நம் கடன் கொப்பியிலுள்ள வாடிக்கையாளர் விபரத்துக்கும் இதே பொறுப்பு நமக்கு உண்டு.

ஐந்தாவது, வர்த்தக சங்கக் கூட்டங்களில் மேடை அலங்காரத்துக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் நேரத்தில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். புதிய கணினி முறையொன்று அறிவிக்கப்படும்போது பிரதேச செயலாளரிடம் சங்கத்தின் பெயரால் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இது வந்தால் எந்தப் பழைய படிவம் நிறுத்தப்படும்? பெயரில் பிழை இருந்தால் எங்கே, எத்தனை நாளில் திருத்தலாம்? பழுதானால் பொறுப்பானவர் யார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தத் திட்டத்துக்கு நாமே விளம்பரம் செய்வோம். பதில் இல்லையென்றால், தொடங்குவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துக் கொடுத்த புண்ணியமாவது நம்மைச் சேரும்.

கடன் கொப்பியைப் பூட்டிய அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பு நான் செய்த ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். கணக்கு நானாவுக்குத் திரையிலிருந்த எழுத்துச் சிறியதாக இருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, 2008இலும் சொல்லவில்லை. அவரைக் கண் வைத்தியரிடம் கூட்டிச் சென்று ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், திரையின் எழுத்தையும் பெரிதாக்கினோம். அடுத்த வாரத்திலிருந்து கடையில் வேகமாகப் பதிந்தவர் அவர்தான்.

நம் காரியாலயக் கவுண்டர்களிலும் வரிசைகளிலும் இப்படிச் சொல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? திட்டம் வரைபவர்கள் கொழும்பிலிருந்து ஒரு நாள் வந்து, நம்மோடு அந்த வரிசையில் நின்று பார்த்தால் நன்றாக இருக்கும்.